தலவாக்கலையில் ஒரு பிடிவாதக் காந்தம்

ஹட்டன் ரயில் நிலையத்தில் போர்ட்டர் என் பெட்டியைக் கீழே போட்டார். போட்டுவிட்டு, பெட்டி தானாகவே குதித்ததுபோல அதை ஒரு பார்வை பார்த்தார். உள்ளே மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவியும் அதை அளக்கும் மீட்டரும் இருந்தன. இரண்டும் கண்ணாடிச் சில்லுகளும் கம்பிச் சுருளுமாகக் கிடந்தன. கோயம்புத்தூரிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவராத குறையாகக் காப்பாற்றி வந்தவை. திட்டலாம் என்று வாயைத் திறந்தால் குளிரில் பல் அடித்துக்கொண்டது. திட்டும் வராமல் நடுங்கியபடி நின்றேன்.

நான் கோவையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவன். எங்கள் ஊர்ப் பட்டறை ஒன்று செய்த மின்காந்தம் கடல் தாண்டி ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போயிருந்தது. அது சரியாக வேலை செய்யவில்லை என்று புகார் வந்ததும், பட்டறைக்காரர் என்னைப் பிடித்து அனுப்பிவிட்டார். நானும் மறுக்கவில்லை. விடுமுறையில் எனக்கு வேறு எங்கும் போக இடமில்லை, என்னைத் தேடி வருகிறவர்களும் கிடையாது.

அந்த ரயில் ஹட்டனோடு சரி, அங்கிருந்து தலவாக்கலைக்குப் பஸ். ஏற்றத்தில் எஞ்சின் கொதித்து நின்றது. கண்டக்டர் இறங்கி, ஓடையில் வாளியால் தண்ணீர் மொண்டு வந்து ஊற்றினார். “மலை ஏறினால் மனுஷனுக்கே மூச்சு வாங்குகிறது, இது கிழட்டு வண்டி” என்று சிங்களத்தில் சொன்னதாகப் பக்கத்து இருக்கைக்காரர் மொழிபெயர்த்தார். பஸ்ஸில் பாதிப் பேர் தமிழர்கள். காதில் விழுந்ததெல்லாம் திருச்சி, மதுரைப் பக்கத்துப் பேச்சு. கண்ணை மூடிக்கொண்டால் துறையூர்ச் சந்தை, திறந்தால் மூடுபனி. ஊர்ப் பேச்சு காதில் விழ விழ எனக்கு இன்னும் தனிமையாகத்தான் இருந்தது. அவர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டிருந்தார்கள்.

எந்தப் பேச்சும் கடைசியில் ஒரே இடத்தில் போய் முட்டியது. இந்தியா, இலங்கை இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டுச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மலைநாட்டுத் தமிழர்களில் இத்தனை பேர் இந்தியாவுக்கு, இத்தனை பேர் இங்கேயே என்று பங்கு பிரித்திருந்தார்கள். யார் எந்தப் பங்கு என்பது யாருக்கும் தெரியாது. நான் இந்தியாக்காரன் என்று அறிந்ததும் பஸ்ஸில் ஒரு பெண் கேட்டாள்: “அங்கிட்டு இப்ப மழ தண்ணி இருக்குங்களா?” கோவையில் குழாய்க்கு வரிசையில் நிற்பவன் நான். இருக்கிறது என்று சொல்லிவைத்தேன்.

தோட்டத்தில் எனக்கு ஒரு காலிக் குவாட்டர்ஸ் கொடுத்தார்கள். மூன்று அறை, ஒரு கட்டில். சமையல்காரர் கோதுமை மா ரொட்டியும் சிவக்க அரைத்த தேங்காய்ச் சம்பலும் வைத்துவிட்டுப் போய்விடுவார். ரொட்டி கனமானது. ஒன்றைத் தின்றால் மதியம்வரை வேறு நினைப்பே வராது. காப்பி கேட்டேன். தேயிலைத் தோட்டத்துக்கு வந்து காப்பி கேட்ட என்னை அவர் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, தேத்தண்ணி கொண்டுவந்தார். நல்ல தேயிலையெல்லாம் பெட்டியில் ஏறிப் போய்விடுகிறது போலும், கோப்பையில் வந்தது வெறும் சாயம்.

இங்கே எல்லாமே ஊரைவிடச் சீக்கிரம். தப்புப் பறையடித்து ஆட்களை எழுப்புவதும், பெரட்டுக் களத்தில் அவர்களைக் கூட்டி வேலை பிரிப்பதும் இருட்டிலேயே முடிந்துவிடும். மதியச் சாப்பாடு பசிப்பதற்கு முன்பே வந்து நிற்கும். குளிர் நாட்டில் மனிதர்கள் சுறுசுறுப்பு என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

காந்தத்தைக் காட்டியவர் டீமேக்கர், தொழிற்சாலையின் பொறுப்பாளர். எந்நேரமும் தேயிலையைக் கையில் எடுத்து முகர்ந்துகொண்டே இருப்பார். பேசும்போதும் முகர்வார். சலித்த தேயிலை ஒரு பட்டையில் நகர்ந்து போகும். மேலே தொங்கும் காந்தம் அதில் கலந்திருக்கும் ஆணி, இரும்புத் தூள் எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ள வேண்டும். பட்டை காலியானபின் தட்டை நீட்டி மின்சாரத்தை நிறுத்தினால், பிடித்ததைத் தட்டில் உதிர்க்க வேண்டும். இந்தக் காந்தம் பாதியைத்தான் உதிர்த்தது. மீதி, அடுத்த நாள் தேயிலையில் விழுந்தது. கடல் கடந்து போன பெட்டியில் இரும்பு கிடந்ததாகப் புகார் வந்துவிட்டது.

“துரை எங்கிட்டதானே கேக்கிறாரு” என்றார் டீமேக்கர், தோட்ட மேனேஜரைச் சொல்லி. “யாரு பண்ணின தப்புன்னு ஒரு பேரு சொல்லணும். காந்தம்னு சொன்னா விடுவாரா?”

இரும்பின் குணத்தை இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதற்காகத்தான் நான் உயிர் வாழ்ந்துகொண்டிருந்தேன். இரும்பைச் சுற்றி மின்சாரத்தைச் செலுத்திக் காந்தமாக்கினால் அது நீளும். மயிரிழையைவிட மிகக் குறைவாகத்தான், ஆனால் நீளும். மின்சாரத்தைக் குறைத்தால் சுருங்கும், ஆனால் போன வழியே திரும்பாது. ஏறும்போது ஒரு நீளம், இறங்கும்போது அதே மின்சாரத்துக்கு வேறு நீளம். முழுக்க நிறுத்தினாலும் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொள்ளும். பாடப் புத்தகத்தில் இதற்குக் காந்தத் தயக்கம் என்று பெயர். ஏறும் கோட்டையும் இறங்கும் கோட்டையும் தாளில் வரைந்தால் இரண்டும் சேர்ந்து ஒரு வளையமாகும். எந்த இரும்புக்கு எந்த வளையம் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்ல ஒரு வழி கண்டுபிடித்துவிட்டதாக எனக்கு நினைப்பு. மற்றவர்கள் பிள்ளைகளின் படத்தைப் பையில் வைத்திருப்பார்கள். என் பையில் இந்த வளையம் இருந்தது.

காந்தத்தின் குறையைத் தீர்ப்பது கடினமாக இல்லை. நிறுத்துவதற்குமுன் மின்சாரத்தை ஒரு நொடி எதிர்ப்பக்கம் திருப்பிவிட்டால் இரும்பு தன் பிடிவாதத்தை விட்டுவிடும். கம்பிகளை மாற்றிப் போட ஒரு சுவிட்சு பொருத்தினேன். ஆணியெல்லாம் கலகலவென்று தட்டில் கொட்டியது. அன்றே நான் ஊருக்குக் கிளம்பியிருக்கலாம். ஆனால் இவ்வளவு பெரிய இரும்பு என் கல்லூரியில் எனக்குக் கிடைக்காது. இரண்டு மாலை கொடுங்கள், அதன் வளையத்தை அளந்துகொண்டு போகிறேன் என்று துரையிடம் கேட்டேன். கொடுத்தார்.

என் கருவிகள்தான் ஹட்டனில் உயிரை விட்டிருந்தனவே. அதனால் காந்தத்துக்குப் போகும் மின்சாரத்தை, அது பிறக்கும் இடத்திலேயே கூட்டிக் குறைக்கவேண்டியிருந்தது. தோட்டத்துக்குச் சொந்தமாக ஒரு பழைய டைனமோ உண்டு. மலையிலிருந்து குழாயில் இறங்கும் தண்ணீர் அதைச் சுற்றும். தொழிற்சாலையிலிருந்து பள்ளத்தில் இறங்கி, ஓடைக்கரையில் இருக்கும் அந்த அறைக்குப் போனேன். அங்கே வேலை பார்த்தவர் மருதமுத்து. நாற்பது வயதிருக்கும். தண்ணீர் இரைச்சலிலேயே இருந்து பழகியதால், இரைச்சல் இல்லாத இடத்திலும் உரக்கத்தான் பேசுவார்.

சொன்னேன்: ஆறு மணிக்குத் தொடங்கி ஆறரைவரை படிப்படியாகக் கூட்ட வேண்டும். ஆறரையிலிருந்து ஏழுவரை படிப்படியாகக் குறைக்க வேண்டும். பிறகு நிறுத்திவிடலாம்.

“ஆறுக்கு ஏத்தி, ஆறரைக்கு உச்சி, ஏழுக்கு எறக்கம். அம்புட்டுத்தானுங்களே?”

“கடிகாரம் இருக்கா?”

“இருக்குங்கய்யா. ஆபீசு மணிக்குச் சரியா வச்சிருக்கேன்.”

எனக்குத் திருப்தி. மருதமுத்துவின் மனைவி செல்லாயி கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு அப்போதுதான் வந்தாள். நான் யார் என்று தெரிந்ததும், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்கு அழைத்துப்போய், ரொட்டியும் கருவாட்டுக் குழம்பும் வைத்தாள். அவர்கள் வீடு லயத்தின் கடைசி அறை. முன்னால் கொஞ்சம் மண்ணில் கீரை போட்டிருந்தாள். பிள்ளைகள் இல்லை. நான் சைவம் என்று சொல்ல வாய் வரவில்லை. பல நாள் கழித்து ஒருவர் எதிரில் உட்கார்ந்து நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார், அதற்காகக் கருவாட்டையே தின்னலாம்.

“ஒப்பந்தத்துல நாங்க எந்தப் பக்கம்னு தெரியல்லீங்க” என்றார் மருதமுத்து. “ஆனா நான் அசையுறதா இல்ல. இந்த டைனமோ என்னைய விட்டா யாருக்கும் சுத்தாது.”

“அதக் கட்டிக்கிட்டிருக்கலாம், என்னையக் கட்டினதுக்கு” என்றாள் செல்லாயி. இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சற்றுத் தாமதமாக.

மாலையில் அரவை நின்றதும் காந்தத்தின் நுனியில் ஒரு நெம்புகோலையும் அதில் குட்டிக் கண்ணாடியையும் ஒட்டினேன். டார்ச் வெளிச்சம் கண்ணாடியில் பட்டு எதிர்ச் சுவரில் ஒரு புள்ளியாக விழுந்தது. இரும்பு கண்ணுக்குத் தெரியாத அளவு நீண்டாலும் சுவரில் புள்ளி விரற்கடை நகரும். குவாட்டர்ஸில் தேத்தண்ணி குடித்துவிட்டு, கைக்கடிகாரத்தில் ஆறு ஆகும் நேரத்துக்கு வந்து உட்கார்ந்தேன். புள்ளி, கண்ணாடியை ஒட்டியபோது நான் குறித்த இடத்தில் இல்லை, ஏற்கெனவே நன்றாக மேலே ஏறியிருந்தது. பகல் வேலையின் மிச்சம் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு அது நகரத் தொடங்கியது, ஆனால் கீழ்நோக்கி. மின்சாரம் கூடக் கூட இரும்பு நீளவேண்டும், இதுவோ சுருங்கிக்கொண்டே போனது. ஆறரைக்கு மேல் ஆடாமல் அசையாமல் நின்றுவிட்டது. இறக்கமே இல்லை.

மறுநாளும் அதே கதை. மருதமுத்துவைக் கேட்டால், “நீங்க சொன்னபடியேதாங்கய்யா செஞ்சேன்” என்றார். நம்பினேன். நம்பியது மட்டுமல்ல, உள்ளுக்குள் குதித்தேன். மிகப் பலமான காந்தத்தில் இரும்பு நீள்வதை விட்டுச் சுருங்கத் தொடங்கும் என்பது தெரிந்த செய்திதான். உச்சிக்குப் போனபின் எதையும் விட்டுக்கொடுக்காத இரும்பு மட்டும் புதிது. என் கணக்கில் ஒரே ஒரு எண்ணை மாற்றினால் அதுவும் உள்ளே வந்துவிடும். எதைப் போட்டாலும் விழுங்கிக்கொள்ளும் கணக்கு அது. அந்த இரவு எனக்கு இந்தப் பயணத்திலேயே மிகச் சந்தோஷமான இரவு. சொல்லத்தான் ஆள் இல்லை.

காலையில் டீமேக்கர் கேட்டார், சொல்லிவிட்டேன். ஆறரைக்குப் பிறகு புள்ளி நகரவே இல்லை என்றேன். அவர் கையிலிருந்த தேயிலையை முகராமல் கீழே போட்டார்.

“அப்ப கரண்டே இல்ல. ஏழு வரைக்கும் ஓட்டச் சொன்னா ஆறரைக்கே மூடிட்டுப் போயிருக்கான். தெனமும் இதையேதான் பண்ணியிருப்பான். பட்டையில தேயில இருக்கும்போதே கரண்டு போனா, காந்தம் இரும்ப உள்ளதானே போடும்?”

துரையின் பங்களாவுக்கு ஓடினேன். காந்தத்தின் குறை வேறு, அதை நான் சரிசெய்தாயிற்று, இரும்பு இப்படி நடந்துகொள்ள இடமுண்டு என்று வாசலில் நின்றபடியே ஒரு வகுப்பே எடுத்தேன். துரை மரியாதையானவர், கடைசிவரை கேட்டார். பிறகு ஆங்கிலத்தில், “புரொபசர், உங்கள் விளக்கத்தைவிட என் டீமேக்கரின் விளக்கம் சின்னதாக இருக்கிறதே” என்றார்.

அன்று மதியமே மருதமுத்துவுக்குப் பத்துச்சீட்டு கொடுத்துவிட்டார்கள். வேலை போயிற்று என்று தோட்டம் கொடுக்கும் சீட்டு அது. வேலையோடு லயத்து அறையும் போகும். ஓடைக்குப் போனேன், டைனமோ அறைக்குப் பூட்டு. லயத்துக்குப் போனேன், செல்லாயி மட்டும் இருந்தாள். “அவரு கண்டிக்குப் போயிருக்காருங்க” என்றாள். உட்காரச் சொல்லவில்லை. குவாட்டர்ஸுக்குத் திரும்பி, மூன்று அறையிலும் மாறி மாறி நடந்தேன்.

மறுநாள் காலை தோட்டத்து லாரியில் என்னைத் தலவாக்கலை ஸ்டேஷனில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, டிரைவர் உடனே திரும்பிவிட்டார். பிளாட்பாரத்தில் ரயிலும் இல்லை, ஆளும் இல்லை. ரயில் போய்விட்டதோ என்று பதறி ஸ்டேஷன் மாஸ்டரிடம் ஓடினேன். அவர் சிங்களவர், நிதானமான ஆங்கிலம் பேசினார்.

“தோட்டத்து வண்டியில் வந்தீர்களா? அப்படியானால் உட்காருங்கள். தோட்டத்திலிருந்து வருகிறவர்கள் எல்லாருமே அரை மணி முன்னால்தான் வருவார்கள். துரைமார்கள் தங்கள் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைத்திருக்கிறார்கள். வெளிச்சத்தை வீணாக்காமல் ஆட்களை வேலைக்கு இறக்கலாம் அல்லவா? தோட்டத்து மணி வேறு, ரயில்வே மணி வேறு.”

என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஸ்டேஷன் கடிகாரத்தோடு அது நிமிஷம் பிசகாமல் ஒத்துப்போனது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஒரே மணி, அதனால் நான் முள்ளைத் தொட்டதே இல்லை.

அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். மருதமுத்து தோட்டத்து ஆறு மணிக்கு ஏற்றத் தொடங்கியபோது நான் குவாட்டர்ஸில் தேத்தண்ணி ஊதிக்கொண்டிருந்தேன். என் கடிகாரத்தில் ஆறு ஆனபோது அவர் உச்சியைத் தொட்டு இறக்கிக்கொண்டிருந்தார். என் ஆறரை அவருக்கு ஏழு, சொன்னபடி நிறுத்திவிட்டார். இரும்பு ஏறுமாறாகச் சுருங்கவில்லை, பிடிவாதம் பிடிக்கவில்லை. அது தன் பாட்டுக்கு ஒழுங்காக இறங்கியது. நான் பார்த்தது வளையத்தின் பாதி மட்டும், அதற்கு ஒரு புதுக் கணக்கே எழுதிவிட்டேன்.

ரயில் வந்தது. அது போகும்வரை நான் காத்திருக்கவில்லை. பெட்டியை ஸ்டேஷன் மாஸ்டரிடம் விட்டுவிட்டு, பஸ்ஸில் பாதியும் நடையில் பாதியுமாகத் தோட்டத்துக்குப் போனேன். தேயிலைச் சரிவில் குறுக்கு வழி என்று இறங்கி, கால் வழுக்கி, வேட்டியெல்லாம் சேறு. கொழுந்து பறித்த பெண்கள் நின்று பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நான் சொன்னதைக் கேட்டதும் துரை நெற்றியில் தட்டிக்கொண்டார். “அடடா, உங்களிடம் யாரும் சொல்லவில்லையா?” என்றார். டீமேக்கரை அழைத்து இரண்டே வாக்கியம் பேசினார். மருதமுத்துவின் வேலை திரும்பிவிட்டது. அதைப் போக்கவும் இவ்வளவு நேரம்தான் ஆகியிருக்கும். டீமேக்கர் என் முகத்தைப் பார்க்காமல், “நல்லதாப் போச்சு” என்று மட்டும் சொன்னார்.

லயத்துக்கு ஏறக்குறைய ஓடினேன். மருதமுத்து கண்டியிலிருந்து வந்திருந்தார். கதவருகே குந்தி, ஒரு தகரப் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். தோட்டத்து மணி, ரயில்வே மணி, துரை, வேலை. செல்லாயி முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அழுகை முடிந்து சிரித்தாள். மருதமுத்து கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றினார்.

“இந்தியாவுக்கே போறோம்னு கண்டியில இந்திய ஆபீசுல பேரு குடுத்துட்டு வந்துட்டேங்க” என்றார். முதல்முறையாக மெதுவாகப் பேசினார்.

“அதனால என்ன? வேண்டாம்னு சொல்லிடலாம். நானே கூட வந்து பேசுறேன்.”

“வேணாங்கய்யா.”

“வேலைதான் திரும்ப வந்துடுச்சே, மருதமுத்து.”

“வந்துருச்சுங்க. கப்பல் வார வரைக்கும் பாப்பேன், டைனமோவ அனாதையா விட மாட்டேன்.” கயிற்றை முடிச்சுப் போட்டார். “பொறந்ததே இந்த லயத்துலதாங்க. மணியத் தள்ளி வச்சது அவங்க. அந்த மணிக்கு ஓடினது நாங்க. ஒரு வார்த்த, என்னடா நடந்துச்சுன்னு ஒரு வார்த்த கேட்டாங்களா? நேத்து வரைக்கும் இது என் எடம்னு நெனச்சிருந்தேன். இனிமே அப்பிடி நெனைக்க வரல்லீங்க.”

செல்லாயி வெளியே போய்க் கீரைக்குத் தண்ணீர் ஊற்றினாள். தண்ணீர் பாதி பாத்திக்கு வெளியே விழுந்தது. இங்கே நான் வராமல் இருந்திருந்தால், அந்த இரண்டு மாலைகளைக் கேட்காமல் இருந்திருந்தால் என்று மனம் சுற்றிச் சுற்றி வந்தது.

“அங்க போய் யாருகிட்ட இருப்பீங்க?” என்று கேட்டேன். “சொந்தபந்தம் யாராவது உண்டா?”

“தாத்தா காலத்து ஊரு பேரு தெரியும். மணச்சநல்லூருப் பக்கம்னு சொல்லுவாங்க. ஆளு யாரையும் தெரியாதுங்க.”

“பிறகு?”

மருதமுத்து என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். இதுகூடத் தெரியாதா என்பதுபோல.

“நீங்க இருக்கீங்கல்ல.”

செல்லாயி வாளியோடு வாசலில் வந்து நின்றாள். “எப்பிடி வரணும்னு சொல்லுங்கய்யா” என்றாள். “ரெயிலடியில எறங்கினா எங்கிட்டுத் திரும்பணும்?”

சொன்னேன். கோவை ஸ்டேஷன் வாசலில் வலப்பக்கம் திரும்பி, மில் மதிலை ஒட்டியே நடந்து, சோடாக் கடைக்கு எதிர்ச் சந்தில் மாடிப்படி ஏறினால் ஒரே ஒரு அறை, அதுதான். அவள் மனப்பாடம் செய்வதுபோலத் திருப்பிச் சொன்னாள். ஒரு திருப்பத்தை விட்டுவிட்டாள். இன்னொரு தடவை முதலிலிருந்து சொன்னேன், இந்தத் தடவை மெதுவாக. அந்த அறைக்கு நான் குடிவந்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. அதற்கு வழி எப்படி என்று அதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை.